ஜிர்கோனியா கேப்புக்குப் பாலிஷ்: எதிர்ப்பல்லைக் காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

லேபிலிருந்து வரும்போது ஜிர்கோனியா கேப் (பல்லின் மேல் மாட்டும் கெட்டியான செராமிக் உறை) பளபளவென்றுதான் இருக்கும். வாயில் வைத்துக் கடிக்கச் சொன்னால் ஒன்றிரண்டு இடம் உயரமாகத் தெரியும். டைமண்ட் பர்ரை (வைரத் துகள் பதித்த, சுழலும் ராவு முனை) எடுத்து அந்த இடத்தைக் கொஞ்சம் எடுப்போம். "இப்போ சரியா இருக்கா?" என்று கேட்போம். நோயாளி தலையாட்டுவார். ஒட்டி அனுப்பிவிடுவோம். அந்தக் கேப்புக்கு எதிரே இருக்கும் பல் அடுத்த பத்து வருடத்தில் எவ்வளவு தேயும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, பர் பட்ட அந்தக் கடுகளவு இடத்தை நாம் எப்படி விட்டு அனுப்பினோம் என்பதுதான்.

இந்த வழிகாட்டி முக்கியமாக ஜிர்கோனியா கேப் பற்றியது. இன்றைக்குக் கடைவாய்ப் பற்களில் அதிகம் போடப்படுவதும் அதுதான், பாலிஷ் பற்றிய தவறான நம்பிக்கைகள் அதிகம் இருப்பதும் அதில்தான். மற்ற செராமிக், பல்லை அடைக்கப் பயன்படும் காம்போசிட், கிளாஸ் அயனோமர் ஆகியவற்றுக்கு எங்கே முறை மாறுகிறது என்பதையும் பின்னால் சொல்கிறேன். பல் மருத்துவ மாணவர்களையும் புதிதாக கிளினிக் தொடங்கியவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். கேப் போட்டுக்கொள்ளப் போகிறவர்கள் படித்தாலும் புரியும்.

கெட்டியான பொருள்தான் அதிகம் தேய்க்குமா?

"ஜிர்கோனியா ரொம்ப கெட்டியாமே டாக்டர், கீழ்ப்பல்லைத் தேய்ச்சிடாதா?" என்று கேட்காத நோயாளி குறைவு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. எனாமலின் கடினத்தன்மை சுமார் 3 முதல் 4 கிகாபாஸ்கல். கேப் செய்யப் பயன்படும் இன்னொரு செராமிக்கான லித்தியம் டைசிலிகேட் 6-ஐ ஒட்டி வரும். ஜிர்கோனியாவோ 12, 13 என்று நிற்கிறது. இந்த எண்களை மட்டும் பார்த்தால் ஜிர்கோனியாவை யாருக்கும் போடவே கூடாது.

ஆனால் தேய்மான இயந்திரத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. நன்றாகப் பாலிஷ் செய்த ஜிர்கோனியா, அதில் பாதிக் கடினம்கூட இல்லாத பழைய ஃபெல்ட்ஸ்பார் போர்சலினைவிடக் குறைவாகத்தான் எனாமலைத் தேய்க்கிறது. ஒரு ஆய்வில் மட்டும் வந்த முடிவு இல்லை, பல இடங்களில் திரும்பத் திரும்ப வந்த முடிவு.

காரணம் பொருளின் உள் அமைப்பில் இருக்கிறது. போர்சலின் அடிப்படையில் கண்ணாடி. உடைவதை எதிர்க்கும் திறன் மிகக் குறைவு. மெல்லும்போது அதன் மேற்பரப்பு நுண்ணிய செதில்களாகப் பெயரும். ஒவ்வொரு செதில் பெயரும்போதும் புதிதாக ஒரு கூரான விளிம்பு பிறக்கும். பெயர்ந்த துகளும் இரண்டு பற்களுக்கு நடுவே சிக்கி அரைக்கும். ஜிர்கோனியாவின் படிகங்கள் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை, நெருக்கமாகப் பின்னியவை, லேசில் பெயராதவை. அதனால் ஒருமுறை கிடைத்த வழவழப்பை அது பல வருடம் விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

இதே குணம்தான் ஆபத்தும். வழவழப்பைப் பிடித்து வைப்பதுபோல் சொரசொரப்பையும் பிடித்து வைக்கும். போர்சலினில் சொரசொரப்பான இடம் தானே கொஞ்சம் மழுங்கலாம். தங்கம் எதிர்ப்பல்லோடு சேர்ந்து தேய்ந்து இடம் கொடுக்கும். பர் போட்டுவிட்டுப் பாலிஷ் செய்யாத ஜிர்கோனியா இடம் கொடுக்காது. எதிர்ப்பல் தேய்ந்து விலகும்வரை அரம் மாதிரி வேலை செய்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு தேய்மானம் இயல்பு?

பல்லோடு பல் உரசினாலே தேயும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் வெளியான அளவீடு இன்றுவரை அடிப்படைக் கணக்காக எடுத்துக்கொள்ளப்படுகிறது. கடிக்கும்போது தொடும் இடங்களில் கடைவாய்ப் பல்லின் எனாமல் வருடத்துக்குச் சுமார் 29 மைக்ரான், முன்கடைவாய்ப் பல்லில் சுமார் 15 மைக்ரான் குறைகிறது. எனாமலின் மொத்தத் தடிமனே பல்முகட்டில் அதிகபட்சம் 2.5 மில்லிமீட்டர் அளவுதான். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் டென்டின். டென்டின் எனாமலைவிட ஐந்தில் ஒரு பங்கு கடினம்தான் கொண்டது. அது வெளியே வந்துவிட்டால் தேய்மானம் வேகமெடுக்கும், கூச்சமும் சேர்ந்துகொள்ளும்.

ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 2014-ல் வந்த ஒரு மருத்துவ ஆய்வு, ஒரே பொருளால் ஆன ஜிர்கோனியா கேப்புகளை ஆறு மாதம் கண்காணித்தது. கேப்புக்கு எதிரே இருந்த எனாமலில் சராசரியாக 33 மைக்ரான் குறைந்திருந்தது. அதே வாயில், மறுபக்கத்தில் இயற்கைப் பல்லோடு உரசிய பல்லில் 10 மைக்ரான். அளக்கும் முறை வேறு என்பதால் இதை லூவன் எண்ணோடு நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் ஒரு விஷயம் புரிகிறது: ஜிர்கோனியா எதிர்ப்பல்லைத் தொடவே தொடாது என்று சொல்வது விளம்பரம். அந்த ஆய்வை நடத்தியவர்கள் வந்த முடிவு, இந்தத் தேய்மானம் மற்ற செராமிக்குகள் உண்டாக்குவதற்குச் சமம் அல்லது குறைவு என்பதே. நம் கையில் இருப்பது இதை மேலும் கூட்டாமல் பார்த்துக்கொள்வது.

ஆர்ஏ என்ற எண்ணை எப்படிப் படிப்பது

சொரசொரப்பை அளக்க ப்ரொஃபைலோமீட்டர் என்ற கருவி உண்டு. மெல்லிய ஊசியை மேற்பரப்பில் இழுத்து, மேடு பள்ளங்களின் சராசரி விலகலை மைக்ரானில் சொல்லும். அதுதான் ஆர்ஏ (Ra). 0.2 மைக்ரானுக்கு மேல் போனால் பாக்டீரியா படிவது அதிகரிக்கத் தொடங்கும் என்பது 1990-களிலிருந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு. நாக்கு உணர்வது ஏறக்குறைய 0.25 முதல் 0.5 மைக்ரான் வரையிலான வித்தியாசத்தை.

ஆர்ஏ ஒரு சராசரி என்பதை மறக்கக்கூடாது. வழவழப்பான தளத்தில் அங்கங்கே குழிகள் இருந்தாலும், அதே தளத்தில் அங்கங்கே கூர்முனைகள் துருத்திக்கொண்டிருந்தாலும், ஒரே ஆர்ஏ எண் வரலாம். எதிர்ப்பல்லுக்கு இரண்டும் ஒன்றல்ல. குழி எதையும் கீறாது. முனைதான் கீறும். பாலிஷ் முதலில் முனைகளை வெட்டி மட்டமாக்குகிறது, ஆழமான கீறல்கள் கடைசிவரை பள்ளமாகத் தங்கும். அதனால் அரைகுறையாகப் பாலிஷ் செய்த கேப்பும் பர்ரோடு விட்ட கேப்பைவிட எவ்வளவோ மேல். கம்பெனி விளம்பரத்தில் ஆர்ஏ எண்ணைக் காட்டி இரண்டு பாலிஷ் கிட்டை ஒப்பிடும்போது இதை நினைவில் வையுங்கள்.

கிளேஸ் போட்டால் போதாதா?

அதிகம் குழப்பம் இங்கேதான். கிளேஸ் என்பது கேப்பின் மேல் பூசிச் சூளையில் சுடும் மெல்லிய கண்ணாடிப் படலம். பார்க்க மிக அழகாக இருக்கும். புதிதாக இருக்கும்போது தொட்டாலும் வழவழப்பு. ஆனால் அது கண்ணாடி. போர்சலினுக்குச் சொன்ன குறை முழுவதும் அதற்கும் பொருந்தும். மெல்லும் இடத்தில் சில மாதங்களிலேயே பெயர்ந்துவிடும். பெயர்ந்த துகள் அரைக்கும். அடியில் லேபின் பர் விட்ட சொரசொரப்பான ஜிர்கோனியா வெளியே வரும்.

அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் செய்து 2013-ல் வெளியான சோதனை இதை நேராகவே பார்த்தது: பாலிஷ் மட்டும் செய்த ஜிர்கோனியாவைவிட, கிளேஸ் போட்டது எனாமலை அதிகம் தேய்த்தது. அழகுக்காக முகப்பில் கிளேஸ் இருக்கட்டும். கடிக்கும் பரப்பில் பாலிஷ்தான் வேண்டும். லேப் அங்கேயும் கிளேஸ் போட்டே தருவேன் என்றால், பாலிஷ் செய்துவிட்டு அதன்மேல் போடச் சொல்லுங்கள். கிளேஸ் போனாலும் அடியில் வழவழப்பு காத்திருக்கும்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

படி 1: லேப் சீட்டிலேயே தொடங்குங்கள்

வாயில் குறைவாக ராவ வேண்டியிருந்தால் குறைவாகப் பாலிஷ் செய்தால் போதும். பைட் (மேல், கீழ்ப் பற்கள் கடிக்கும் நிலையின் பதிவு) சரியாக எடுங்கள். எதிர்த்தாடையின் அச்சில் குமிழி இல்லாமல் பாருங்கள். தற்காலிக கேப் பெயர்ந்து எதிர்ப்பல் மேலெழும்ப விடாதீர்கள். பிறகு லேப் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள்: "கடிபரப்பைக் கிளேஸுக்கு முன் முழுமையாகப் பாலிஷ் செய்யவும்." இதை எழுதாத வரை பல லேபுகள் செய்வதில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, நாம் கேட்பது நிறத்தைப் பற்றி மட்டும்தான்.

படி 2: எங்கே ராவ வேண்டும் என்பதை முதலில் உறுதிசெய்யுங்கள்

கேப் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் கடிபரப்பில் கை வைக்காதீர்கள். பக்கத்துப் பல்லோடு இருக்கும் தொடுகை இறுக்கமாக இருந்தால் கேப் இறங்காது, இறங்காத கேப் உயரமாகத்தான் தெரியும். முதலில் ஃப்ளாஸ் போட்டுப் பக்கத் தொடுகை, அப்புறம் விளிம்பு, கடைசியாகக் கடி.

பல்லையும் கேப்பையும் பஞ்சால் நன்றாக உலர்த்துங்கள். ஈரமான, பளபளப்பான ஜிர்கோனியாவில் ஆர்டிகுலேட்டிங் பேப்பரின் (கடி படும் இடத்தைக் குறிக்கும் மைத்தாள்) மை ஒட்டாது. 200 மைக்ரான் தடித்த பேப்பர் எல்லா இடத்திலும் மையைப் பூசி உங்களைத் தேவையில்லாமல் ராவ வைக்கும். 40 மைக்ரான் பேப்பரில் குறித்துவிட்டு, ஷிம்ஸ்டாக் எனப்படும் 8 மைக்ரான் தகட்டைப் பக்கத்துப் பற்களுக்கும் அவற்றின் எதிர்ப்பற்களுக்கும் நடுவே வைத்து, கடிக்கச் சொல்லி இழுத்துப் பாருங்கள். கேப் இல்லாதபோது எந்தப் பற்கள் தகட்டைப் பிடித்தனவோ, கேப் வைத்த பிறகும் அவை பிடிக்க வேண்டும். நேராகக் கடிப்பதற்கு ஒரு நிறம், பக்கவாட்டில் நகர்த்துவதற்கு வேறு நிறம். பக்கவாட்டு உரசல்தான் எதிர்ப்பல்லை அதிகம் தின்னும், அதனால் அந்தக் குறிகளை விடாமல் தேடுங்கள்.

ராவுவதற்கு முன் தடிமன் அளக்கும் கேஜில் அந்த இடத்தை அளந்துகொள்ளுங்கள். கேப் மெல்லியதாக இருந்தால் எதிர்ப்பல்லின் முகட்டைக் கொஞ்சம் மழித்துச் சரிசெய்யலாமா என்று யோசிக்க வேண்டிவரும். அதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லி அனுமதி கேட்க வேண்டும்.

படி 3: ராவுவது

சிவப்பு வளையமோ மஞ்சள் வளையமோ உள்ள டைமண்ட் பர். சிவப்பில் டைமண்ட் துகள் 46 மைக்ரான் அளவு, மஞ்சளில் 25 அளவு. நீலம் 100 மைக்ரானைத் தாண்டும். பச்சை, கறுப்பு அதற்கும் மேல். பச்சை பர் சீக்கிரம் வேலையை முடிக்கும், ஆனால் அது விடும் பள்ளத்தை எந்த ரப்பர் பாயிண்டாலும் நியாயமான நேரத்தில் அழிக்க முடியாது. பாலிஷ் நேரத்தை மிச்சப்படுத்தும் ஒரே வழி ராவும்போதே நுணுக்கமான பர்ரை எடுப்பதுதான். செராமிக்கில் டங்ஸ்டன் கார்பைடு பர் வேண்டாம். அதன் பற்கள் வெட்டுவதைவிடத் தட்டி உடைப்பதே அதிகம்.

தண்ணீர் தாராளமாக விடுங்கள். அழுத்தாமல், தொட்டுத் தொட்டு எடுங்கள். மூன்று மோல் சதவீதம் இட்ரியா (ஜிர்கோனியாவை நிலைப்படுத்தக் கலக்கும் ஆக்சைடு) உள்ள பழைய ஜிர்கோனியாவில் ஒரு வினோதம் உண்டு: அழுத்தம் பட்ட இடத்தில் படிகங்கள் டெட்ராகனல் வடிவிலிருந்து மோனோக்ளினிக் வடிவுக்கு மாறி, 3 முதல் 5 சதவீதம்வரை பருத்து, தோன்றும் விரிசலை நெருக்கி மூடப் பார்க்கும். அதனால்தான் அது அவ்வளவு வலு. லேசாக ராவினால் மேற்பரப்பில் இந்த அழுத்தப் படலம் உருவாகி வலு கூடவும் செய்யலாம். முரட்டுப் பர், சூடு, அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் விரிசல் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போய்விடும். முன்பற்களுக்கு இப்போது வரும் ஒளி ஊடுருவும் ஜிர்கோனியாவில் இட்ரியா அதிகம், இந்தப் பாதுகாப்பு மிகக் குறைவு. வலுவும் குறைவு. அதில் கை இன்னும் மெதுவாகப் போக வேண்டும்.

ஜிர்கோனியாவை ஒட்டுவதற்கு முன்பே ராவலாம். வெளியே எடுத்துப் பாலிஷ் செய்வது எவ்வளவோ சுலபம். லித்தியம் டைசிலிகேட், போர்சலின் போன்றவற்றை, குறிப்பாக மெல்லிய ஆன்லே, வெனீர்களை, ஒட்டிய பிறகுதான் கடி பார்க்க வேண்டும். ஒட்டாமல் கடித்தால் உடையும்.

படி 4: பாலிஷ்

முழு வழிகாட்டியில் அதிக நேரம் எடுக்க வேண்டிய படி இது. கிளினிக்கில் மிகக் குறைந்த நேரம் கிடைப்பதும் இதற்குத்தான்.

ஜிர்கோனியாவுக்கென்று தனி கிட் வாங்குங்கள். ரப்பரில் டைமண்ட் துகள் கலந்திருக்கும். காம்போசிட்டுக்கு வைத்திருக்கும் அலுமினியம் ஆக்சைடு கப்பால் தேய்த்தால், ரப்பர்தான் தேயும். கொஞ்சம் பளபளப்பு வந்ததுபோலத் தெரியும். கீறல் அப்படியே இருக்கும்.

பெரும்பாலான கிட்டில் இரண்டோ மூன்றோ கட்டம். முரடு, நடுத்தரம், நுணுக்கம். வேலையின் சூத்திரம் எளிது: ஒவ்வொரு கட்டமும் முந்தைய கட்டத்தின் கீறலை முழுதாக அழிக்க வேண்டும், தன் சொந்தச் சின்னக் கீறலை மட்டும் விட வேண்டும். முரட்டு ரப்பரின் வேலை பளபளப்பு கொண்டுவருவது இல்லை, பர் கீறலை அழிப்பது. அது முடியாமல் நுணுக்க ரப்பருக்குப் போனால், பர் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் மேடுகள் மட்டும் மின்னும். கண் ஏமாறும். பத்தில் எட்டுப் பேர் தவறவிடும் இடம் எது என்று என்னைக் கேட்டால், இதைத்தான் சொல்வேன்: கடைசிக் கட்டத்தில் அதிக நேரம், முதல் கட்டத்தில் அவசரம். தலைகீழாக இருக்க வேண்டும்.

கட்டம் மாறும்போது தேய்க்கும் திசையையும் குறுக்காக மாற்றுங்கள். பழைய கீறல் இருந்தால் குறுக்கே கோடாகத் தெரிந்துவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே கேப்பைக் கழுவித் துடையுங்கள். முந்தைய ரப்பர் உதிர்த்த பெரிய துகள் ஒன்று தங்கினாலும் அடுத்த கட்டம் முழுவதும் கீறிக்கொண்டே போகும்.

வேகம் எவ்வளவு என்பது கிட்டுக்குக் கிட்டு மாறும், பெட்டியில் எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். பொதுவாகப் பாலிஷுக்கு ஸ்லோ ஸ்பீடு ஹேண்ட்பீஸ்தான். அதிவேகமாகச் சுழலும் ஏர்ரோட்டரில் போட்டால் ரப்பர் பறக்கும், கேப் சூடாகும். அழுத்தம் மிதமாக, ரப்பர் எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஒட்டிய கேப்பில், உயிருள்ள பல்லாக இருந்தால், சூடு நரம்புக்குப் போகும். தண்ணீரைத் தெளித்தபடி செய்யுங்கள்.

வடிவமும் முக்கியம். முகட்டுச் சரிவுக்குக் கப், குழிகளுக்குக் கூரான பாயிண்ட், சமமில்லாத கடிபரப்புக்கு இதழ் இதழாக விரியும் சுழல் வீல். கப்பை மட்டுமே வைத்துக்கொண்டு பாலிஷ் செய்தால் முகடு மின்னும், கடி விழும் குழி மங்கலாகவே இருக்கும். எதிர்ப்பல்லின் முகடு வந்து உட்காருவது அந்தக் குழியில்தான்.

கடைசியாக டைமண்ட் பேஸ்ட், ஆட்டு மயிர் பிரஷ்ஷிலோ ஃபெல்ட் வீலிலோ. நல்ல கிட்டின் மூன்று கட்டமும் ஒழுங்காக முடிந்திருந்தால் பேஸ்ட் தரும் கூடுதல் லாபம் சிறியது. அரைகுறைப் பாலிஷைப் பேஸ்ட் காப்பாற்றாது.

வாயில் வைத்துப் பார்த்த ஜிர்கோனியாவின் உட்புறத்தில் எச்சிலின் பாஸ்பேட் ஒட்டியிருக்கும், ரெசின் சிமெண்ட் பிடிக்காது. பாலிஷ் முடிந்ததும் உட்புறத்தை மெல்லிய அலுமினா தூவியோ, அதற்கென்று விற்கும் கிளீனராலோ சுத்தம் செய்துவிட்டு ஒட்டுங்கள். பாஸ்பாரிக் ஆசிட் போட்டுக் கழுவாதீர்கள், பாஸ்பேட்டை நீக்கப் போய் இன்னும் பாஸ்பேட் பூசியதாகும்.

படி 5: சரியாக வந்திருக்கிறதா?

கிளினிக்கில் யாரிடமும் ப்ரொஃபைலோமீட்டர் கிடையாது. கேப்பை நன்றாக உலர்த்துங்கள், ஈரம் எல்லாவற்றையும் மின்ன வைக்கும். லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) மாட்டிக்கொண்டு, வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். ராவிய இடத்துக்கும் ராவாத இடத்துக்கும் நடுவே எல்லைக்கோடு தெரியக்கூடாது. மேலே உள்ள விளக்கின் பிம்பம் கேப்பில் கலையாமல் தெரிய வேண்டும். எக்ஸ்ப்ளோரர் எனப்படும் கூர்முனைக் கருவியை லேசாக இழுங்கள், எங்கும் தடைபடக்கூடாது.

நோயாளியின் நாக்கு நல்ல கருவிதான், ஆனால் அதன் எல்லையை மேலே சொன்னேன். நாக்குக்கு வழவழப்பாகப் பட்டது 0.2 மைக்ரானுக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தமில்லை. நாக்கு "சொரசொர" என்றால் கண்டிப்பாகத் திரும்பப் பாலிஷ். நாக்கு ஒன்றும் சொல்லாவிட்டால் லூப் சொல்வதைக் கேளுங்கள்.

எதிர்ப்பல்லையும் ஒரு பார்வை பாருங்கள். அதில் உடைந்த எனாமல் விளிம்போ, சொரசொரப்பான பழைய போர்சலினோ இருந்தால் அதையும் மழித்துப் பாலிஷ் செய்யுங்கள். தேய்மானத்தில் இரண்டு தரப்பு உண்டு.

மற்ற பொருட்களில் எங்கே மாறுகிறது

லித்தியம் டைசிலிகேட்டுக்கும் மேலே சொன்ன வரிசையே, அதற்கான கிட்டுடன். ஊசி ஊசியான படிகங்கள் கண்ணாடிக்குள் பின்னியிருக்கும் பொருள் அது, நன்றாகவே பாலிஷ் ஏறும். பழைய போர்சலினில் அதிகம் ராவ நேர்ந்தால், ஒட்டும் முன்பாக இருந்தால், பாலிஷ் செய்துவிட்டு லேபுக்கு அனுப்பி மறுபடி கிளேஸ் போடுவது நல்லது.

காம்போசிட்டில் கதை திரும்பிவிடும். அங்கே எதிர்ப்பல்லைவிட அடைப்பேதான் அதிகம் தேயும். மைலர் ஸ்ட்ரிப்பை (மெல்லிய பிளாஸ்டிக் பட்டை) வைத்துக் கியூர் செய்த, அதாவது லைட் அடித்து உறைய வைத்த பரப்புதான் இருப்பதிலேயே வழவழப்பானது. ஆனால் அந்த மேல்தோல் பெரும்பாலும் ஃபில்லர் (வலுவுக்காகக் கலக்கும் துகள்) இல்லாத ரெசின், மென்மையானது. கடிபடும் இடத்தில் அதை அப்படியே விட்டால் சீக்கிரம் தேய்ந்துவிடும். கொஞ்சம் எடுத்தே ஆக வேண்டும். ஸ்ட்ரிப் வைக்க முடியாத கடிபரப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்தோலை உறைய விடாது, அங்கே கடைசியாக ஒருமுறை கிளிசரின் ஜெல் பூசி லைட் அடியுங்கள்.

வடிவத்தைப் பன்னிரண்டு வெட்டுவிளிம்புள்ள கார்பைடு பர்ரில் தொடங்கி முப்பது விளிம்புள்ள பர்ரில் முடிக்கலாம், அல்லது நுணுக்கமான டைமண்ட். பிறகு அலுமினியம் ஆக்சைடு டிஸ்க் முரட்டிலிருந்து மிக நுணுக்கம்வரை வரிசையாக. பெரிய ஃபில்லர் உள்ள காம்போசிட்டில், சுற்றியிருக்கும் மென்மையான ரெசின் முதலில் தேய்ந்து ஃபில்லர் துருத்திக்கொண்டு நிற்கும், அப்புறம் பிடுங்கிக்கொண்டு குழி விழும். நேனோ ஃபில்லர் வகைகளில் துகள் சிறியது என்பதால் குழியும் சிறியது, பளபளப்பும் அதிக நாள் நிற்கும். உலர்ந்த நிலையில் அழுத்தித் தேய்த்தால் சூட்டில் மேற்பரப்புக்கு அடியில் நுண்விரிசல் விழும். அடுத்த சில மாதத் தேய்மானம் அந்த விரிசல்களில்தான் தொடங்கும். மேலே பூசும் சர்ஃபேஸ் சீலன்ட் இவற்றை நிரப்பி முதல் ஒரு வருடத்துக்கு உதவும், அதன் பிறகு அதுவும் தேய்ந்துபோகும்.

சாதாரண கிளாஸ் அயனோமரில் அன்றைக்கே பாலிஷ் செய்ய ஆசைப்படாதீர்கள். அதிகமானதை மட்டும் எடுத்து, வார்னிஷோ வாசலினோ பூசி அனுப்பிவிட்டு, குறைந்தது 24 மணி நேரம் கழித்து, அதுவும் ஈரத்தில். உலர்ந்தால் வெடித்துவிடும்.

வீட்டுக்குப் போன பிறகு

நாம் உண்டாக்கிய வழவழப்பைக் கெடுக்கும் சில விஷயங்கள் கிளினிக்கிலேயே இருக்கின்றன. போர்சலின், கிளேஸ், லித்தியம் டைசிலிகேட் உள்ளவர்களுக்கு 1.23 சதவீத ஏபிஎஃப் (அமிலம் சேர்ந்த) ஃப்ளோரைடு ஜெல் வைக்காதீர்கள். அந்த அமிலம் கண்ணாடியை அரித்துச் சொரசொரப்பாக்கும். நியூட்ரல் சோடியம் ஃப்ளோரைடு போதும். கிளீனிங் செய்யும்போது ஸ்கேலர் முனையைக் கேப்பின் கடிபரப்பிலோ காம்போசிட்டிலோ ஓட்ட வேண்டாம். முரட்டுப் பியூமிஸ் பேஸ்டையும் அங்கே தவிர்க்கலாம்.

நம் ஊரில் இன்னும் உமிக்கரி, செங்கல் தூள், உப்பு வைத்துப் பல் துலக்குபவர்கள் உண்டு. உமியின் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்கா. எனாமலைவிடக் கெட்டி. ஜிர்கோனியாவை அது ஒன்றும் செய்யாது, பக்கத்திலிருக்கும் காம்போசிட்டையும் ஈறோரத்து டென்டினையும்தான் தின்னும். கரித்தூள் கலந்த "இயற்கை" பேஸ்டுகளையும் வாங்கும் முன் யோசிக்கச் சொல்லுங்கள்.

இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவருக்கு எவ்வளவு பாலிஷ் செய்தாலும் நைட் கார்டு இல்லாமல் அனுப்பாதீர்கள். எதுக்களிப்பு உள்ளவருக்கும், குளிர்பானம் அடிக்கடி குடிப்பவருக்கும், வாயின் பி.எச். 5.5-க்குக் கீழே இறங்கும் நேரங்களில் எனாமல் மென்மையாகும். அந்த நேரத்து உரசல் இரட்டிப்பு நஷ்டம். புளிப்பாக எதையாவது சாப்பிட்டதும் பிரஷ் எடுக்காமல், வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழித்து வரும்போது கேப்பை உலர்த்திப் பாருங்கள். பளபளப்பான கேப்பின் நடுவே மங்கலான ஒரு புள்ளி தெரிந்தால், அங்கே கிளேஸ் பெயர்ந்திருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மங்கலான அந்த இடத்தை வாயிலேயே, தண்ணீர் விட்டு, முரட்டு ரப்பரிலிருந்து தொடங்கிப் பாலிஷ் செய்யுங்கள். சில நிமிட வேலை. அதற்கு எதிரே உள்ள எனாமலில் தட்டையான பகுதி விரிந்திருக்கிறதா என்று முதல் நாள் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். கேப் போட்ட அன்றே எதிர்ப்பல்லையும் ஒரு படம் எடுத்து வைக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

வேறொரு மருத்துவர் பின்னால் அந்தக் கேப்பில் ரூட் கெனாலுக்குத் துளை போட்டாலும், "கொஞ்சம் தட்டுதே" என்று நோயாளி வந்து, நாம் மறுபடி ராவினாலும், படி 4-க்குத் திரும்ப வேண்டும். கேப் உள்ள நோயாளிகள் இதை நினைவில் வைத்திருந்து, "ராவினீங்களே, பாலிஷ் பண்ணியாச்சா டாக்டர்?" என்று தயங்காமல் கேட்கலாம்.